கடலில் காவல், கணக்கேட்டில் களவு



உலகம் ஏற்றுக்கொள்ளாத ஓர் ஆட்சி இருக்கிறது. அதன்மீது உலக நாடுகள் வணிகத் தடை விதிக்கின்றன. விதித்த தடையை யார் காப்பது? எங்கே நின்று காப்பது? காக்க வேண்டியவரே மீறினால் யார் கேட்பது? இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

இதைப் படிக்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். இந்த லண்டன் மாநகரமே போதும். ஸ்ட்ராண்ட் சாலையில் ஒரு கட்டடம் உண்டு. அதன் மேல்மாடியைச் சுற்றிச் சிற்பி எப்ஸ்டைன் செதுக்கிய கற்சிலைகள், முகமும் கைகளும் வெட்டுண்டு நிற்கும். அன்று அதன் பெயர் ரொடீசியா இல்லம். இன்று அது ஜிம்பாப்வே நாட்டின் தூதரகம். அங்கிருந்து மேற்கே நடந்தால் பால் மால் சாலையில் மார்ல்பரோ மாளிகை. அங்கேதான் காமன்வெல்த் செயலகம். ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போனால், வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் உயர்ந்த கட்டடம். மூன்றும் அரைமணி நேர நடைக்குள் அடங்கிவிடும். தடைக்கு ஆளானவர், தடையைக் கண்காணித்தவர், தடையை மீறியவர், மூவருமே இந்த அரைமணி நேர நடைக்குள் இருந்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

1965ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள். தெற்கு ரொடீசியா என்ற பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டில் இயன் ஸ்மித் என்ற பிரதமர் தம் நாடு இன்று முதல் சுதந்திர நாடு என்று தாமாகவே அறிவித்தார். யாருடைய சுதந்திரம்? அந்த நாட்டில் வெள்ளையர் ஏறத்தாழ இரண்டே கால் லட்சம் பேர். கறுப்பின மக்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல். 1930ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டம் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை அந்தச் சிறுபான்மைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. பெரும்பான்மை மக்களுக்கு வாக்குரிமை கொடுத்துவிட்டுத்தான் விடுதலை என்று லண்டன் சொன்னது. கொடுக்க மாட்டோம் என்பதற்காகவே ஸ்மித் பிரிந்தார். விடுதலை என்ற சொல்லை இவ்வளவு கேவலமான காரியத்துக்குப் பயன்படுத்தியவர்கள் வரலாற்றில் குறைவு.

உலகம் அதை ஏற்கவில்லை. எந்த ஒரு நாடும் ஏற்கவில்லை. பக்கத்திலிருந்து கைகொடுத்த தென்னாப்பிரிக்காகூட, மொசாம்பிக்கை ஆண்ட போர்ச்சுகல்கூட முறைப்படி அங்கீகாரம் வழங்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

பிரிட்டன் என்ன செய்தது? படை அனுப்பவில்லை. பொருளாதாரத் தடை விதித்தது. லண்டனில் இருந்த ரொடீசியப் பணத்தை முடக்கியது. அந்த நாட்டு ரிசர்வ் வங்கியின் நிர்வாகக் குழுவை லண்டனிலிருந்தபடியே கலைத்து, லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் இயக்குநராக இருந்த சர் சிட்னி கெய்னைத் தலைவராக நியமித்தது. புகையிலை வாங்குவதை நிறுத்தியது. டிசம்பரில் எண்ணெய்க்கும் தடை வந்தது. அந்த எண்ணெய் ஆணையின்படி, எந்தப் பிரிட்டிஷ் குடிமகனும் எந்தப் பிரிட்டிஷ் நிறுவனமும் ரொடீசியாவுக்கு எண்ணெய் கொடுத்தால் குற்றம்.

1966 ஜனவரியில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் காமன்வெல்த் தலைவர்கள் கூடினார்கள். ஆப்பிரிக்கத் தலைவர்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். படை அனுப்ப ஏன் தயக்கம் என்று கேட்டார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன், தடையே போதும், மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கில் ஸ்மித் பணிவார் என்ற பொருளில் பேசினார். சரி, அப்படியானால் கண்காணிப்போம் என்று அவர்கள் ஒரு குழுவை அமைத்தார்கள். காமன்வெல்த் தடைக் கண்காணிப்புக் குழு. அது கூடும் இடம் லண்டன். இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகளாக இருந்த அதே காமன்வெல்த்தின் குழு.

வாரங்கள் போயின. மாதங்கள் போயின. பதினான்கு ஆண்டுகள் போயின.

ஏன்? தடை கடுமையாக இல்லையா? ஐக்கிய நாடுகள் சபையின் பாதுகாப்பு மன்றம் 1966 டிசம்பரில் 232ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. சபையின் வரலாற்றில் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் முதல் பொருளாதாரத் தடை அதுதான். குரோமியம், கல்நார், இரும்புத் தாது, செம்பு, சர்க்கரை, புகையிலை, இறைச்சி, தோல் என்று பட்டியல் நீண்டது. 1968 மே மாதம் 253ஆம் தீர்மானம் ஏறக்குறைய எல்லா வணிகத்தையும் தடுத்தது. காகிதத்தில் அதைவிடக் கடுமையான தடை வேண்டுமா? வேண்டியதில்லை.

காவல் இல்லையா? காவலும் இருந்தது, அன்பர்களே. மொசாம்பிக் கடற்கரையில் பேய்ரா என்று ஒரு துறைமுகம். அங்கிருந்து ரொடீசியாவின் உம்தாலி நகருக்கு அருகிலிருந்த சுத்திகரிப்பு ஆலைக்குச் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு எண்ணெய்க் குழாய் போனது. அந்தக் குழாயை அடைத்துவிட்டால் ஸ்மித்தின் கழுத்தைப் பிடித்ததாகும் என்று லண்டன் கணக்குப் போட்டது. 1966 மார்ச் மாதம் பிரிட்டிஷ் கடற்படை பேய்ராவுக்கு வெளியே ரோந்து தொடங்கியது. ஏப்ரலில் ஜோவன்னா ஐந்து, மனுவேலா என்ற இரண்டு கப்பல்கள் எண்ணெயோடு நெருங்கின. ஜோவன்னா ஐந்து துறைமுகத்துக்குள் போய்விட்டது, ஆனால் எண்ணெயை இறக்கவில்லை. பாதுகாப்பு மன்றம் அவசரமாகக் கூடி, 221ஆம் தீர்மானத்தின் வழியே, தேவையானால் பலத்தைப் பயன்படுத்தியும் தடுக்கலாம் என்று பிரிட்டனுக்கு அதிகாரம் கொடுத்தது. மனுவேலா திருப்பி அனுப்பப்பட்டது.

அன்றிலிருந்து எத்தனை காலம் அந்த ரோந்து நடந்தது தெரியுமா? 1975 ஜூனில் மொசாம்பிக் விடுதலை பெறும் வரை. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்! எழுபதுக்கும் மேற்பட்ட போர்க்கப்பல்கள் முறைவைத்து வந்தன. முதலில் ஆர்க் ராயல், ஈகிள் என்ற பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களே வந்தன. மடகாஸ்கர் தீவின் மஜுங்காவிலிருந்து ஷேக்கிள்டன் விமானங்கள் பறந்து கடலைத் தேடின. மாலுமிகள் வாரக்கணக்கில் கரை காணாமல் அந்த வெப்பக் கடலில் வட்டமிட்டார்கள். வந்த எண்ணெய்க் கப்பல்களை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பெரும்பாலானவை ரொடீசியாவுக்குப் போகாதவை என்று தெரிந்து விடுவிக்கப்பட்டன. பேய்ராவின் குழாய் வழியே அதன்பின் எண்ணெய் போகவில்லை. ரோந்து தன் வேலையைச் செய்தது என்றே சொல்ல வேண்டும். அந்த மாலுமிகளை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ரொடீசியத் தலைநகர் சாலிஸ்பரியின் சாலைகளில் கார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பெட்ரோலுக்கு வைத்திருந்த பங்கீட்டு முறையை 1971இல் ஸ்மித் அரசு எடுத்தே விட்டது. எண்ணெய் எங்கிருந்து வந்தது?

அதே மொசாம்பிக் நாட்டின் தெற்கே லூரென்சோ மார்க்கஸ் என்று இன்னொரு துறைமுகம். இன்றைய மபூட்டோ. அங்கே பிரிட்டிஷ் கப்பல் எதுவும் நிற்கவில்லை. அங்கிருந்து ரயிலில் ஏற்றினால் நேரே ரொடீசியா. ஒரு வாசலில் ஒன்பது ஆண்டுகள் போர்க்கப்பல் காவல். அடுத்த வாசல் திறந்தே கிடந்தது. அது திறந்து கிடப்பது லண்டனுக்குத் தெரியாதா? தெரியும். லூரென்சோ மார்க்கஸ் வழியே வந்தது யாருடைய எண்ணெய்? இங்கேதான், அன்பர்களே, நான் உங்களை நிதானமாகக் கேட்கச் சொல்கிறேன்.

ரொடீசியாவில் பெட்ரோல் விற்றவை ஐந்து பெரிய நிறுவனங்கள். ஷெல், பிபி, மோபில், கால்டெக்ஸ், டோட்டல். இவற்றில் ஷெல்லும் பிபியும் சேர்ந்து சந்தையில் ஏறத்தாழப் பாதியை வைத்திருந்தன. பிபியின் ஆகப்பெரிய பங்குதாரர் யார்? பிரிட்டிஷ் அரசு! மொசாம்பிக்கில் இவ்விரண்டுக்கும் சொந்தமாக ஷெல் மொசாம்பிக் என்று ஒரு நிறுவனம் இருந்தது. அது பதிவு செய்யப்பட்ட ஊர் எது? லண்டன்! ஸ்மித் அரசு தன் எண்ணெய் கொள்முதலுக்காக ஜென்டா என்ற அமைப்பை உருவாக்கியது. தென்னாப்பிரிக்காவின் ஃப்ரெய்ட் சர்வீசஸ் என்ற இடைத்தரகு நிறுவனம் எண்ணெயை வாங்கி ஜென்டாவுக்குக் கொடுத்தது. நாங்கள் தென்னாப்பிரிக்க வாடிக்கையாளருக்குத்தானே விற்றோம், அவர் யாருக்கு விற்கிறார் என்பது எங்கள் பொறுப்பா என்று சொல்லிக்கொள்ள வசதியான ஏற்பாடு.

1968இல் இந்த விஷயம் லண்டன் அமைச்சகத்தின் மேசைக்கு வந்தது. பிப்ரவரி மாதம் எண்ணெய் நிறுவனத்தார் காமன்வெல்த் விவகார அமைச்சர் ஜார்ஜ் தாம்சனைச் சந்தித்தார்கள். பிரிட்டிஷ் எண்ணெய் ரொடீசியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். இனி ஒரு மாற்று ஏற்பாடு என்றார்கள். என்ன ஏற்பாடு? லூரென்சோ மார்க்கஸிலிருந்து ரொடீசியாவுக்கான எண்ணெயை இனிப் பிரெஞ்சு நிறுவனமான டோட்டல் கொடுக்கும். டோட்டல் கொடுக்கும் அதே அளவு எண்ணெயை ஷெல்லும் பிபியும் தென்னாப்பிரிக்காவில் டோட்டலுக்குக் கொடுத்துவிடும்.

புரிகிறதா? ரொடீசியாவுக்குப் போகும் எண்ணெயில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஷெல், பிபியின் வியாபாரத்தில் ஒரு பைசாவும் குறையவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. பீப்பாயின் மேல் இருந்த பெயர்! எந்தப் பிரிட்டிஷ் நிறுவனமும் ரொடீசியாவுக்கு எண்ணெய் தரவில்லை என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொல்ல ஒரு வாக்கியம் கிடைத்தது. அந்த வாக்கியத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாடும் சில ஆண்டுகளே நீடித்தது. 1970களின் தொடக்கத்தில் அதையும் கைவிட்டு, லண்டனில் பதிவான அந்த ஷெல் மொசாம்பிக்கே மீண்டும் நேரடியாகக் கொடுக்கத் தொடங்கியது. அப்போதும் பேய்ராவுக்கு வெளியே பிரிட்டிஷ் மாலுமிகள் வெயிலில் வட்டமிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே வேலி போட்டவனே, வேலிக்குக் காவல் வைத்தவனே, மேய்ந்த மாட்டின் பங்குதாரனாகவும் இருந்தான்.

இது எப்படி வெளியே வந்தது? எந்தப் போர்க்கப்பலும் கண்டுபிடிக்கவில்லை. காகிதம்தான் காட்டிக்கொடுத்தது. 1976இல் அமெரிக்காவில் ஒரு தேவாலய அமைப்பு, மோபில் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு மார்ட்டின் பெய்லி, பெர்னார்ட் ரிவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காமன்வெல்த் குழுவுக்காகவே எண்ணெய்த் தடை பற்றி விரிவாக எழுதினார்கள். மார்ல்பரோ மாளிகையின் அந்தக் குழுவுக்குக் கப்பல் இல்லை, காவலர் இல்லை, யாரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை. ஆனாலும் அது கேள்வியை விடவில்லை. பேய்ரா குழாயின் உரிமையாளரான லோன்ரோ நிறுவனம், எங்கள் குழாய் காலியாகக் கிடக்க, சட்டத்தை மீறியவர்கள் சம்பாதித்தார்களே என்று எண்ணெய் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. கடைசியில் 1981இல் பிரபுக்கள் அவை அந்த வழக்கைத் தள்ளியது. தடைச் சட்டத்தை மீறியதால் தனியார் ஒருவருக்கு நட்டம் வந்தாலும் அவர் அதற்காக வழக்காட முடியாது என்பது தீர்ப்பு.

வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவன் 1977இல் ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரித்தவர் தாமஸ் பிங்கம் என்ற வழக்கறிஞர். பின்னாளில் இந்த நாட்டின் தலைமை நீதிபதியாக உயர்ந்து, சட்டத்தின் ஆட்சி பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதியவர். கணக்காளர் ஒருவரும் அவரோடு அமர்ந்தார். கணக்காளர் எதற்கு என்று கேட்கிறீர்களா? களவு கணக்கேட்டில்தானே நடந்தது! 1978 செப்டம்பரில் வெளியான பிங்கம் அறிக்கை, நான் இதுவரை சொன்ன மாற்று ஏற்பாட்டை நாள், கூட்டம், கடிதம் என்று வரிசையாக எடுத்து வைத்தது. தமக்கு அப்போது இந்த ஏற்பாடு தெரியாது என்றார் வில்சன். எழுத்தில் தெரிவித்தேன் என்றார் தாம்சன்.

பிறகு? 1979 தொடக்கத்தில் மேலும் விசாரிக்க மக்களவை வாக்களித்தது. பிரபுக்கள் அவை மறுத்துவிட்டது. ஒருவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. பெரிய நிறுவனம் எதற்கும் தண்டனை இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அந்தப் பெட்ரோலில் ஓடிய வண்டிகளில்தான் அந்த ஆட்சியின் படையினர் கிராமம் கிராமமாகப் போனார்கள். அந்த ஆட்சிக்கு எதிராக நடந்த விடுதலைப் போரில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள்.

எண்ணெய் மட்டுமா? உள்ளே போனது எண்ணெய் என்றால், வெளியே வந்தது குரோமியமும் புகையிலையும் மாட்டிறைச்சியும். இவை பெயர் மாற்றிக்கொண்டு போயின. ரொடீசியப் புகையிலை மொசாம்பிக் புகையிலை ஆனது. ரொடீசியத் தாது தென்னாப்பிரிக்கத் தாது ஆனது. எந்த நாட்டில் விளைந்தது என்று சொல்லும் சான்றிதழை வாங்குவது கடினமாக இருக்கவில்லை. வணிகப் பொருளின் பிறப்பிடத்தைக் காட்ட முத்திரையிடுவது தமிழனுக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சோழனின் சுங்க அலுவலர்கள் சரக்குப் பொதிகளின் மேல் புலி முத்திரை பதித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. முத்திரைக்கு மதிப்பு எப்போது? முத்திரை குத்தும் கை நேர்மையாக இருக்கும்போதுதான். லூரென்சோ மார்க்கஸில் அந்தக் கை நேர்மையாக இல்லை.

ஆனால் பொய்ச் சான்றிதழையும் பிடிக்க ஒரு வழி இருந்தது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் தடைக் கண்காணிப்பின் உயிர்நாடி அதுதான். ஐக்கிய நாடுகளின் தடைக் குழு இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒன்று, தென்னாப்பிரிக்காவும் மொசாம்பிக்கும் நாங்கள் இவ்வளவு விற்றோம் என்று காட்டிய கணக்கு. மற்றொன்று, அவர்களிடமிருந்து இவ்வளவு வாங்கினோம் என்று மற்ற நாடுகள் காட்டிய கணக்கு. இரண்டும் ஒத்துப்போகவில்லை! விற்றவன் சொன்னதைவிட வாங்கியவன் சொன்னது அதிகம். அந்த இடைவெளிக்குள் ஒளிந்திருந்ததுதான் ரொடீசியா. துப்பாக்கி இல்லாமல், வேவுக்காரன் இல்லாமல், பொறுமையாக இரண்டு தாள்களை ஒப்பிட்டவர்கள் கண்டுபிடித்தது அது.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சந்தேகத்துக்குரிய கப்பல் சரக்கைப் பற்றிக் குழு ஒரு நாட்டுக்குக் கடிதம் எழுதும். ஆவணங்கள் சரியாக இருக்கின்றன என்று அந்த நாடு பதில் எழுதும். பல மாதங்கள் பதிலே வராது. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. 1971இல் பைர்ட் திருத்தம் என்று ஒரு சட்டம் செய்து, ரொடீசியக் குரோமியத்தைப் பகிரங்கமாகவே வாங்கத் தொடங்கியது. ஜனாதிபதி கார்ட்டர் வந்த பிறகு 1977இல்தான் அது நீக்கப்பட்டது. மறைவாக மீறியவர்கள் ஒருபுறம், சட்டம் போட்டே மீறியவர்கள் மறுபுறம்.

இத்தனைக்கும் விலை கொடுத்தது யார்? ஜாம்பியா. வடக்கே கடற்கரையே இல்லாத ஏழை நாடு. அதன் செம்பு வெளியே போன ரயில் பாதை ரொடீசியா வழியே. அதன் மின்சாரம் கரீபா அணையிலிருந்து, அந்த மின்நிலையம் எல்லையின் அந்தப் பக்கம். அதற்கு நிலக்கரியும் எண்ணெயும் ரொடீசியா வழியே. தடை தொடங்கியதும் ஜாம்பியாவுக்கு எண்ணெயை விமானத்தில் ஏற்றிப் போக வேண்டிய நிலை வந்தது. 1973இல் எல்லை மூடப்பட்டது. எண்ணெய்க் குழாய் ஒன்றையும், சீனாவின் உதவியோடு தான்சானியா வரை புதிய ரயில் பாதை ஒன்றையும் போட்டுத்தான் அந்த நாடு மூச்சு விட்டது. தடையை மனமார மதித்தவன் பட்டினி கிடந்தான். மீறியவன் லாபம் பார்த்தான்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பெருமையோடு சொல்லக்கூடிய ஒன்று உண்டு. 1946இல், நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்துக்கொண்ட நாடு இந்தியா. உலகில் அதைச் செய்த முதல் நாடு. நட்டாலில் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு நிலம் வாங்கும் உரிமையைப் பறித்த சட்டத்துக்கு எதிராகச் செய்தது. இன்னொன்றையும் சொல்கிறேன். 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. சென்னையின் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அந்த அணியின் தூண்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியின் அணியோடு இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இளமையின் உச்சத்தில் இருந்த அந்த இரு சகோதரர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! அவர்களைக் காவல் காக்கக் கப்பல் எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் தடை காக்கப்பட்டது. கோப்பையை விட முடிந்தது சென்னைப் பிள்ளைகளால். பெட்ரோல் வியாபாரத்தை விட முடியவில்லை லண்டன் கனவான்களால்.

இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்குப் பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் இங்கே எத்தனை பேர்! பெட்ரோல் இல்லை. சிமெண்ட் இல்லை. பற்றரி இல்லை. பசளை இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினீர்கள். ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டீர்கள். இலங்கை அரசு விதித்த அந்தத் தடைக்கு ஐக்கிய நாடுகளின் தீர்மானம் இல்லை. அதுவும் ரொடீசியத் தடையும் சட்டத்தில் ஒன்றல்ல, நோக்கத்தில் ஒன்றல்ல. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்க விடுங்கள். ஒரு தாய் சோதனைச் சாவடியில் நின்றபோது அவளுடைய பை எவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்கப்பட்டது? அந்த நுணுக்கத்தில் நூறில் ஒரு பங்கு ஷெல் மொசாம்பிக்கின் விற்பனைச் சீட்டுகளைச் சோதிப்பதில் காட்டப்பட்டதா? எளியவரின் பையைக் கவிழ்த்துக் கொட்டத் தெரிந்த உலகத்துக்கு வலியவரின் கணக்கேட்டைத் திறக்கத் தெரியவில்லை என்று நான் நம்பத் தயாரில்லை. திறக்க மனமில்லை என்பதே என் முடிவு.

அப்படியானால் ரொடீசியத் தடை முழுத் தோல்வியா? இல்லை என்பதே என் கருத்து. முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அங்கீகாரம். அதை மட்டும் உலகம் கடைசிவரை கொடுக்கவில்லை. விற்கும் ஒவ்வொரு பொருளையும் விலை குறைத்து விற்க வேண்டியிருந்தது. வாங்கும் ஒவ்வொன்றுக்கும் தரகனுக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருந்தது. பதினான்கு ஆண்டுகள் அது தேய்த்தது. விடுதலைப் போர் இன்னொரு பக்கம் தேய்த்தது. போர்ச்சுகல் மொசாம்பிக்கை விட்டுப் போனதும் பக்கத்து வாசலும் மூடியது. 1979 செப்டம்பரில், மார்ல்பரோ மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள லங்காஸ்டர் மாளிகையில் பேச்சு தொடங்கியது. காமன்வெல்த் செயலாளர் நாயகமாக இருந்த கயானாவின் ஸ்ரீதத் ராம்பால், இந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தவர், பேச்சு முறியாமல் இருக்கப் பாடுபட்டார். டிசம்பரில் உடன்பாடு. தடை நீங்கியது. 1980 ஏப்ரல் 18 அன்று ஜிம்பாப்வே பிறந்தது. லூரென்சோ மார்க்கஸ் வாசலும் முதல் நாளிலிருந்தே மூடப்பட்டிருந்தால் அந்தப் பிறப்பு எத்தனை ஆண்டு முன்னதாக நடந்திருக்கும், எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும்! அதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அன்பர்களே, இது பழங்கதை என்று எழுந்துவிடாதீர்கள். 2014இல் கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதை இந்த நாடு ஏற்கவில்லை. தடை விதித்தது. 2022க்குப் பிறகு அந்தத் தடை பலமடங்கு பெருகியது. இன்று பெயர் மாற்றும் வேலையைச் செய்வது பழைய எண்ணெய்க் கப்பல்கள். கொடியை மாற்றிக்கொள்கின்றன. இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிடுகின்றன. நடுக்கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெயை மாற்றுகின்றன. உரிமையாளர் யார் என்று தேடினால் ஒரு நிறுவனத்துக்குள் இன்னொரு நிறுவனம், அதற்குள் இன்னொன்று. 1968இல் டோட்டலும் ஷெல்லும் செய்த மாற்று ஏற்பாட்டை அறிந்தவருக்கு இதில் எதுவும் புதிதாகத் தெரியாது.

சட்டமும் முன்பைவிட வலுவாகத்தான் இருக்கிறது. 2016இல் கருவூலத்தின் கீழ் நிதித் தடைகளை நடைமுறைப்படுத்த ஓர் அலுவலகம் வந்தது. 2018இல் தடைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2020இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு இரண்டு கோடி பவுனுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. 2022இலிருந்து, தெரியாமல் செய்தேன் என்று சொல்லி நிதித் தடை அபராதத்திலிருந்து தப்ப முடியாது. 2024 அக்டோபரில் வணிகத் தடைகளுக்கென்றே தனி அலுவலகம் திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் பிரிட்டிஷ் நிறுவனங்கள் வெளிநாட்டில் வைத்திருக்கும் கிளை நிறுவனங்களை எவ்வளவு தூரம் இந்தச் சட்டம் எட்டும்? 1965இல் தடுக்கி விழுந்த அதே இடம் அது. தென்னாப்பிரிக்காவில் பதிவான துணை நிறுவனத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்றுதான் அன்றும் சொன்னார்கள்.

உங்களில் எத்தனை பேர் இந்நகரத்தின் வங்கிகளில் வேலை செய்கிறீர்கள்! எத்தனை பேர் கணக்காளர்கள், கப்பல் காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவர்கள், ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவர்கள், இணக்கத் துறையில் இருப்பவர்கள்! இந்த உரையை நான் தயாரித்தது உங்களுக்காகத்தான். தடை காக்கப்படுவதும் மீறப்படுவதும் உங்கள் மேசையில். விற்ற கணக்கும் வாங்கிய கணக்கும் ஒத்துப்போகாத ஒரு தாள் உங்கள் முன்னால் வரும். மேலதிகாரி கையெழுத்துப் போட்டுத் தள்ளு என்பார். தள்ளாதீர்கள். கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். பதில் சரியில்லை என்றால் அந்தத் தடை அலுவலகங்களுக்குத் தெரிவிக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த ஆண்டு வணிகத் தடையை மீறியதற்காக எத்தனை நிறுவனங்கள் தண்டிக்கப்பட்டன, அவற்றில் பெரிய நிறுவனங்கள் எத்தனை, இயக்குநர்கள் யார் மீதாவது வழக்கு உண்டா என்று கேளுங்கள். பதில் வரும்வரை மறுபடியும் எழுதுங்கள்.